வேண்டாம் என்றவர் பெட்டியில் ஒரு கை வறுவல்

1

போன வாரம் என் மகள் கலா சிவப்புத் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். "அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள். எங்கே என்று கேட்டேன். கோழி வறுத்து விற்கிற கடையில் என்றாள். கத்திவிட்டேன். மாடியில் குடியிருக்கிற இத்தாலிக்காரர் படியில் இறங்கி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவளுக்குப் பதினாறு வயது. இந்தக் கனடா தேசத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் படித்துக்கொண்டே சனி, ஞாயிறு வேலைக்குப் போவது சாதாரணம். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் கத்துது நீங்க? நீங்களும் இதே வேலைதானே பண்ணுச்சு?" என்றாள். அவள் தமிழில் நானும் நாற்காலியும் ஒன்றுதான், எல்லாம் அஃறிணை. அதைத் திருத்தக்கூட அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

அந்தச் சமயம் பார்த்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆண்டு மலருக்கு, உங்களைப் போன்ற பிள்ளைகள் படிக்கிற மாதிரி, என் வெளிநாட்டு அனுபவத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பனி, பெரிய ஏரி, உயரமான கட்டடங்கள் பற்றி எழுதினால் சிறப்பாக இருக்கும் என்றும் போட்டிருந்தது.

பனியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை சாமிகளா. வெள்ளையாக இருக்கும், வழுக்கும். ஏரியை நம் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறபோது குமாரபாளையம் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் கோழிக் கடையைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் எனக்கு இங்கே சொந்தமாக ஓட்டல் இருப்பதாகப் பேச்சு என்று கேள்விப்பட்டேன். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. உங்களிடமாவது உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

2

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தேன். எமர்ஜென்சி சமயத்தில் கனடாவுக்கு வெல்டர்கள் வேண்டுமென்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டு, கிடைத்து, மூன்று வயதுக் கலாவையும் அவள் அம்மா சரசுவையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். வந்த ஃபேக்டரியை அடுத்த குளிர்காலத்துக்குள் மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்ததில் கிடைத்தது இந்தக் கோழிக் கடை ஒன்றுதான். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

குடியேற்ற ஆபீசில் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள். மனைவி, குழந்தையைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால், ஒரே இடத்தில் ஒரு வருடம் இடைவிடாமல் வேலை பார்த்து, முதலாளியிடம் சான்று வாங்கி வர வேண்டும். நடுவில் வேலை போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே அந்தக் கடைக்கதவுதான் சரசும் கலாவும் உள்ளே வரவேண்டிய கதவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடை என்றதும் நம் ஊர் ஓட்டலை நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்தவன் முன்னால் தண்ணீர் வைப்பது, என்ன இருக்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பது, இதெல்லாம் கிடையாது. வரிசையில் நிற்க வேண்டும். முதலில் காசு, பிறகுதான் சோறு. பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் முன்னாலேயே காசு கொடுக்கலாம், நியாயம். பசித்தவனிடம் முன்னாலேயே காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்? நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருப்பார்கள். அவை லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஏதோ கோளாறு, பற்றவைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று நான் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வேண்டுமென்றே செய்தது. ரொம்ப நேரம் உட்கார முடியாது" என்றார். பெருமையாகச் சொன்னார்.

உள்ளே எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். கோழியை எண்ணெயில் போட ஒரு மணி, எடுக்க ஒரு மணி. உருளைக்கிழங்கு வறுவலை வறுத்து விளக்குக்கு அடியில் கொட்டி வைப்போம். கொஞ்ச நேரத்தில் அதற்கும் மணி அடிக்கும். அடித்துவிட்டால், மீதி இருப்பதை அப்படியே குப்பையில் கொட்ட வேண்டும். கெட்டுப்போனது இல்லை சாமி, ஆறக்கூட இல்லை. வேலைக்காரர்கள் தொடக்கூடாது. யாரும் எடுத்துவிடக்கூடாது என்று கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பைத் தொட்டிக்குப் பூட்டு. குப்பைக்குப் பூட்டுப் போட்டதை என் ஆயுசில் அங்கேதான் பார்த்தேன். அந்த வருடம் நம் பக்கம் மழை பொய்த்து, சோளம் முழம் வளராமல் கருகிவிட்டதாக சரசு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு வந்து நான் கூடை கூடையாகக் கொட்டினேன். கோபம் வந்தால் முகத்தில் காட்டவும் முடியாது. சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பல் வலித்தாலும் சிரிக்க வேண்டும்.

3

ஆனால் அந்தக் கடையில் ஒரே ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யார் வந்து என்ன வாங்கினாலும், முன்னால் நிற்கிற பெண், "உருளைக்கிழங்கும் வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். ஒருத்தரைக்கூடக் கேட்காமல் அனுப்பக்கூடாது. நான் நின்றது அவளுக்குப் பின்னால், பெட்டி கட்டுகிற மேசையில். காசு வாங்குவதெல்லாம் முன்பக்கம். அது என் கண்ணில் படாது. கேள்வியும் பதிலும் மட்டும் காதில் விழும். அட, இந்த வெள்ளைக்காரர்களுக்கும் உபசாரம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். சரசுவுக்கும் அப்படியே எழுதினேன்.

நம் பக்கத்துப் பந்தி உங்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் "போதுமுங்க" என்றால், அதற்குப் போதும் என்று அர்த்தமில்லை. நான் சோற்றுக்கு அலைகிறவன் இல்லை என்று அர்த்தம். மறுபடி "வேண்டாமுங்க" என்றால், நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்களே என்று யோசிக்கிறார் என்று அர்த்தம். இலைமேல் இரண்டு கையையும் கவிழ்த்து, குனிந்து மறைத்தால்தான் நிஜமாகவே வயிறு நிறைந்தது. அப்போதும் விரல் சந்தில் ஒரு கரண்டி ரசத்தை விட்டுவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு.

என் தங்கச்சி கல்யாணத்தில் நடந்தது. சேலம் டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்த எங்கள் சித்தப்பா மகன், வெல்லப் பூரணம் வைத்த ஒப்பிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சங்ககிரி மாமா, "போதும் மாப்ள" என்றார். இவன், "சரிங்க மாமா" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். மாமா கை கழுவிக்கொண்டே எங்கப்பனிடம், "ஏனுங் மச்சான், ஒப்பிட்டு பத்தாமப் போயிருச்சாட்ட இருக்குது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கல் வந்து போயிற்று. மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு ஒப்பிட்டு. அதுவும் அவர் வேண்டாமென்று சொன்ன ஒப்பிட்டு.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் நான், பெட்டி கட்டுகிற மேசையில் நிற்கிறேன். முன்னால் அந்தப் பெண், "உருளைக்கிழங்கும் வைக்கட்டுமா?" என்கிறாள். வந்தவர், "வேண்டாம், நன்றி" என்கிறார். ஒரே ஒரு தடவை. கையும் மூடவில்லை. என் பக்கத்தில் சூடான வறுவல், மணி அடித்தால் குப்பைக்குப் போகப்போகிறது. நான் என்ன செய்வேன்? ஒரு கை அள்ளிப் பெட்டியில் வைத்து மூடினேன். அவருக்கும் வைத்தேன், அடுத்தவருக்கும் வைத்தேன். பெட்டியைக் காரில் போய்த் திறந்து பார்ப்பார்களோ என்னவோ, திரும்பி வந்து ஏன் வைத்தாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

4

ஒருநாள் ஒரு மனிதர் வந்தார். கோழி வாங்கினார், உருளைக்கிழங்கு வேண்டாமென்றார், பெட்டியோடு அந்தச் சாய்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திறந்து பார்த்தார். மூடினார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். வாங்க வந்தவர் மாதிரி வந்து வேவு பார்க்கிற கம்பெனி ஆள் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னால் நின்ற பெண்ணுக்குக் கேள்வி கேட்டதற்காகப் பாராட்டு. என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேனேஜர் பெயர் டக். முப்பது வயதுகூட இருக்காது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், விதிகளை மனப்பாடம் செய்தவர். என் இங்கிலீஷில் 'ங்க' போட முடியாதது எனக்குப் பெரிய குறை. அதற்கு ஈடாக வாக்கியத்துக்கு ஒரு 'சார்' போட்டேன். நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"இவர் உருளைக்கிழங்கு வேண்டாமென்று சொன்னது உனக்குக் கேட்டதா?"

"கேட்டது சார்."

"பிறகு ஏன் வைத்தாய்?"

"ஒரு தடவைதானே சார் சொன்னார்."

டக் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு மனிதன் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?"

"வாயால் சொன்னால் மூன்று தடவை சார். கையால் மூடினால் ஒரு தடவை போதும்."

"எதை மூடினால்?"

"பெட்டியை, சார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டக் மெதுவாக, "இதற்கு முன்னால் வேறு யாருக்காவது இப்படி வைத்திருக்கிறாயா?" என்றார்.

"வேண்டாமென்று சொன்ன எல்லாருக்கும் வைத்தேன் சார். ஒருத்தரையும் விடவில்லை." நான் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். என் பொறுப்பில் ஒருத்தரும் குறையோடு போகவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று.

வேவு பார்க்க வந்தவர், "இதற்குப் பெயர் திருட்டு. கம்பெனிப் பொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "குப்பைக்குப் போகிறது சார் அது!"

"குப்பையும் கம்பெனியுடையதுதான்."

கதவு திறந்திருந்தது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நின்ற மரியா காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. அவள் போர்ச்சுகலைச் சேர்ந்த ஏதோ ஒரு தீவுக்காரி, நல்ல தாட்டியான மனுஷி. கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "எங்கள் ஊரில் விருந்தாளி வேண்டாம் என்றால் என் அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் நிறைத்துக் கொண்டுவருவாள். அவளும் திருடியா?" என்றாள்.

"உன்னைக் கேட்கவில்லை. சட்டியைப் பார்."

"சட்டி எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அரைமணி நேரம் அவர்களுக்குள் பேசினார்கள். பிறகு டக் என்னிடம் விஷயத்தை விளக்கினார். நான் தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதினால் அது திருட்டு, இன்றோடு வேலை இல்லை. அப்படி இல்லாமல், விதிகளைப் புரிந்துகொள்கிற திறன் எனக்குக் குறைவு என்று எழுதினால், எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"எனக்குப் புரிந்தது சார். புரிந்துதான் வைத்தேன்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே" என்றார் டக். "அப்படிச் சொன்னால் நீ திருடன்."

பார்த்தீர்களா சாமிகளா? திருடனாக இரு, இல்லையென்றால் மடையனாக இரு. வேறு இடமே அவர்கள் காகிதத்தில் இல்லை. கொடுத்தவன் என்று ஒரு ஜாதி உலகத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. உதறிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வந்தால் என் வருடம் கரைந்துபோகும். மாமனார் வீட்டில் சரசு சொல்லாமல் எவ்வளவு பொறுத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் எழுத்திலேயே தெரியும். மடையன் என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

5

வருடம் முடிந்து குடியேற்ற ஆபீசுக்குப் போனேன். டக் சான்று கொடுத்திருந்தார். நேர்மையானவர், நேரத்துக்கு வருகிறவர், புரிந்துகொள்ளும் திறன் மட்டும் குறைவு, பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்! அந்த நல்ல எண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அந்த ஆபீசர் அதைப் படித்தார். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி சத்தமாக ஆரம்பித்தார். "வீடு! இருக்கிறதா? வீடு!" இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கூரை மாதிரி பிடித்துக் காட்டினார். "மனைவி! குழந்தை! சாப்பாடு! புரிகிறதா?" சாப்பாட்டுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் பற்றவைத்த லாரிகள் கல்கத்தா வரைக்கும் போய்த் திரும்பியிருக்கின்றன என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் புரிந்துகொள்கிறவன் ஆகிவிடுவேனே, காகிதம் பொய் ஆகிவிடுமே என்று பயம். தலையை ஆட்டினேன். முத்திரை குத்தினார். குத்திவிட்டு, நான் கீழே போட்டுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, காகிதத்தை என் சட்டைப் பையில் அவரே மடித்து வைத்தார்.

6

சரசும் கலாவும் வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சரசு சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"ஏனுங்க, அந்தாள ஒருநாளைக்கு நம்மூட்டுக்குச் சோத்துக்குக் கூப்புடுங்க."

"எதுக்கு?"

"கூப்புடுங்கன்னாக் கூப்புடுங்க. வெச்சது தப்புன்னவன், நாம எப்படி வெப்பம்னு பாத்துட்டுப் போவட்டும்."

"அப்பக் கோழி வாங்கிட்டு வரட்டுமா?"

"கோழிக்கடைக்காரனுக்குக் கோழியா? அந்தாளு அதுலயேதான் குளிக்கறானாமா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டக் வந்தார். மரியாவையும் கூப்பிட்டிருந்தேன். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கத்திரிக்காய்க் கடைசல், ரசம், தயிர், ஒப்பிட்டு. டக் முதல் தட்டை ரசித்துத்தான் சாப்பிட்டார். சரசு கரண்டியோடு வந்தாள். "வேண்டாம், நன்றி" என்றார். வைத்தாள். சாப்பிட்டார். மறுபடி வந்தாள். "போதும், உண்மையாகவே" என்றார். சரசுவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "பாவம், கூச்சப்படறாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தாள். டக் முகம் சிவந்து, நெற்றி வியர்த்துவிட்டது. மரியாவோ முதல் சுற்று முடிந்ததுமே தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டக் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் அவரும் இரண்டு கையையும் கொண்டுவந்து தட்டின்மேல் கவிழ்த்தார். சரசு கரண்டியைத் தாழ்த்தி, "இப்பத்தான் நெறஞ்சிருக்குது" என்றாள்.

டக் எழுந்து கை கழுவினார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்போது எனக்குப் புரிகிறது" என்றார். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுவார் என்று நினைத்தேன்.

அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அடுத்த வாரம் முன்பக்கத்தில் ஒரு புது அட்டை தொங்கியது. 'வேண்டாம் என்கிறவர் முதல் தடவை மரியாதைக்காகச் சொல்கிறார். சிரித்த முகத்தோடு இன்னொரு தடவை கேளுங்கள்.' கேட்டார்கள். முதலில் மறுத்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் தடவை சரி என்றார்கள். சரி என்றவர்களிடம் காசு வாங்கினார்கள். விற்பனை ஏறியது. வேவு பார்க்கிறவர் மறுபடி வந்து டக்கின் முதுகில் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச காலத்தில் டக் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டார். அந்த அட்டை மற்ற கடைகளுக்கெல்லாம் போயிற்று. மடையன் என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதுதான் சாமிகளா என் கோபம். பனியும் குளிரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் தெறித்த தழும்பு ஆறிவிட்டது. வெளிநாட்டில் கூலி வேலை செய்தது கேவலம் என்றும் நான் நினைக்கவில்லை, உழைத்தவன் உண்டான். ஆனால் எங்கப்பன், பாட்டன் இலைக்கு முன்னால் முதுகு வளைத்து நின்று கேட்ட கேள்வியை, என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எடுத்துப்போய், கல்லாப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். நான் கொடுத்தபோது அது திருட்டு. அவர்கள் விற்றபோது அது கெட்டிக்காரத்தனம். வெல்டிங் வேலை மறுபடி கிடைத்த அன்றே, என் தலையில் இருந்த அதே சிவப்புத் தொப்பியைக் கழற்றினேன்.

7

இப்போது கலாவிடம் வருகிறேன். அவளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சிரித்து, "இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்" என்று இங்கிலீஷில் பழகிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சரசு வீட்டில் பேசுகிற அதே குழைவு அவள் குரலில் இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உள்ளே போய் உட்காரவைத்து, உங்களுக்கு இதுவரை எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பேப்பர்ல ஏன் சைன் பண்ணுச்சு அப்பா?" என்றாள்.

"நீயும் அம்மாவும் வரோணுமே சாமி."

அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவு சொல்லியும் போகிறாளே என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளாகிவிட்டார்கள், நம் பேச்சு காதில் ஏறாது என்று சரசுவிடம் புலம்பினேன். "வந்ததும் கேளுங்க, இப்பவே ஏன் ஒப்பாரி வெக்கறீங்க" என்றாள்.

மத்தியானம் கழிந்து வந்தாள். முகம் சரியில்லை.

"என்ன சாமி?"

"மேனேஜர் திட்டுச்சு. ஒருத்தர் உருளைக்கிழங்கு வேண்டாம்னு சொல்லுச்சு. நான் ரெண்டாவது தடவ கேக்கல."

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. "அப்பா சொன்னதுக்காகவா?"

"இல்லப்பா." என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவர் வேண்டாம்னு சொல்லுச்சு. வேண்டாம்னா வேண்டாம்தானே?"

அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

"இன்னொரு தடவ இப்படிப் பண்ணுனா வேலை இல்லைன்னு சொல்லுச்சு" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஓக்கேன்னு சொன்னேன்."

"ஓக்கேன்னா? இனிமேல் கேக்கறேன்னா?"

"இல்ல. வேலை இல்லைன்னா ஓக்கேன்னு." தொப்பியைக் கழற்றிச் சோபாவில் எறிந்தாள். "பேப்பர் குடுத்துச்சு. நான் சைன் பண்ணல. பசிக்குதுப்பா."

சரசு இல்லை, கடைக்குப் போயிருந்தாள். நானே சோறு போட்டேன். காலையிலிருந்து நின்ற பிள்ளை, வேகமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு போனேன்.

"போதும்ப்பா" என்றாள்.

கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றது. என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தட்டை மூடவில்லை, நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள்.

"நெசமாத்தானா சாமி?"

"நெசமாத்தாம்ப்பா."

சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். இதை எழுதுகிற இந்த நேரம்வரைக்கும், பிள்ளை அரைவயிறோடு எழுந்துவிட்டதோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை.